விளக்குக் கூட்டில் குறைக்கும் எடை

காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் கார் 1957-இல் வந்தது. அதே பாணியில் பிரிட்டனில் இன்றும் பலர் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறார்கள். அவர்கள் எடையைக் குறைக்க முகப்பு விளக்கின் இரும்புக் கூட்டை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸ் கூடு மாட்டுவதை நான் வரவேற்கிறேன். சிறிய காரில் ஒவ்வொரு கிராமும் கணக்குதான். ஆனால் ஃபைபரில் மின்சாரம் பாயாது. இரும்புக் கூடு வழியே தானாகக் கிடைத்த எர்த் இங்கே இல்லை. தனி ஒயர் இழுத்துச் சேஸிஸில் முடுக்கியே ஆக வேண்டும். இல்லையேல் விளக்கு மங்கும், எரியாமலும் போகும். விளக்கைத் தாங்கும் கம்பியையும் சேர்த்து மெலிதாக்குவது பெரும் தவறு. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒளி துள்ளும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். பிரிட்டனில் காரின் பதிவுக்கு முந்தைய சோதனையில் ஒளியின் திசையையும் அளக்கிறார்கள். அந்தக் கண்டிப்பை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.