'கார்ட் என்றால் 3 வீதம் கூடும் சேர்': இது எந்த ஊர்ச் சட்டம்?



கொஞ்சம் நீளமான பதிவு. புதுப் போன் வாங்க நினைத்திருப்பவர்கள் முழுவதும் வாசியுங்கள். மற்றவர்கள், வீட்டில் யார் வாங்கப் போகிறாரோ அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் செல்போன் கம்பனிகள் 'அப்கிரேட் பீஸ்' என்று ஒன்றை அறவிடுகின்றன. ஒருவர் பல வருடமாக அதே கம்பனியின் வாடிக்கையாளர், மாதாமாதம் பில் கட்டுகிறவர். அதே கம்பனியிடம் புதுப் போன் எடுத்தால் அடுத்த பில்லில் ஒரு தொகை கூடுதலாக வந்து நிற்கும். வெரைசன், ஏ.ரி. அன்ட் ரி., ரி-மொபைல் மூன்றுமே ஏதோ ஒரு பெயரில் இதை வாங்கி வந்திருக்கின்றன. என்ன வேலை செய்து கொடுத்தார்கள் என்று பார்த்தால், பழைய போனிலிருந்த சிம்மைக் கழற்றிப் புதிய போனில் போடுகிற அளவு வேலை. அதைப் பலர் வீட்டிலிருந்து தாங்களே செய்துகொள்கிறார்கள். காசு மட்டும் கம்பனிக்கு. விவரம் தெரிந்தவர்கள் கம்பனியிடம் போனே வாங்குவதில்லை. தயாரிப்பாளரிடமோ வேறு கடையிலோ லொக் இல்லாத போனை முழுக் காசுக்கு வாங்கி, சிம்மைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு அங்கே வழியில்லாமல் போகிறது.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே சிம் வேறு, போன் வேறு. நம்மில் பெரும்பாலானோர் ரீலோட் போட்டுப் பேசுகிறவர்கள். 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்த பிறகு நாட்டில் டயலொக், எஸ்.எல்.ரி-மொபிடெல், ஹட்ச் என்று மூன்று பேர்தான். எந்தக் கடையில் போன் எடுத்தாலும் இந்த மூன்றில் எந்தச் சிம்மையும் போடலாம். அமெரிக்கக்காரன் தேடி அலைகிற வசதி நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

ஆனால் அங்கே கம்பனி வாங்குகிற காசை இங்கே கடைக் கவுண்டர் வாங்குகிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் புதுப் போன் வாங்காதவர்கள் குறைவு. ஆடம்பரத்துக்கு அல்ல. கொரோனா காலத்தில் 2020, 2021இல் வகுப்பைப் போனுக்குள் கொண்டுபோனார்கள். போனும் எங்கள் காசு, டேட்டாவும் எங்கள் காசு. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள், சுற்றறிக்கை மட்டும் வட்ஸ்அப்பிலேயே தங்கிவிட்டது. வலயத்திலிருந்து வரும் படிவம், புள்ளி விபரம், கூட்ட அறிவித்தல் எல்லாம் போனில்தான். போன் பழுதானால் அந்த ஆசிரியர் அரைவாசி லீவில் நிற்பது போல. ஆகவே இடர் கடனிலோ பண்டிகை முற்பணத்திலோ சீட்டுக் காசிலோ எப்படியோ ஒரு போன் வாங்குகிறோம். 2022இல் ரூபா விழுந்ததில் போன் விலை எங்கேயோ போனது. 2024 ஜனவரி 1 முதல், அதுவரை விலக்கு இருந்த போன்களுக்கும் 18 வீத வற் வந்தது. இவ்வளவையும் விலைக்குள் சுமந்துகொண்டு கவுண்டருக்கு வந்து கார்டை நீட்டினால் ஒரு குரல்: "கார்ட் என்றால் 3 வீதம் கூடும் சேர்."

90,000 ரூபா போனுக்கு 3 வீதம் என்றால் 2,700 ரூபா. பல ஊர்களில் ஒரு ஏ.எல். பிள்ளையின் ஒரு பாடத்து மாத டியூஷன் காசு இதைவிடக் குறைவு.

இது சட்டமா என்று கேட்டால், "எல்லாக் கடையிலும் அப்படித்தான்" என்பார்கள். எல்லாக் கடையிலும் அப்படி என்பது உண்மையாக இருக்கலாம். அது சட்டம் ஆகாது. கார்ட் இயந்திரத்தை வங்கி கடைக்காரருக்குச் சும்மா கொடுப்பதில்லை. ஒப்பந்தம் எழுதித்தான் கொடுக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்குப் போகும் கொமிஷன் கடைக்காரருடைய செலவு, அதை வாடிக்கையாளர் தலையில் வைக்கக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் பகுதி. கார்டுக்கு மேலதிகக் கட்டணம் அறவிட முடியாது, அறவிட்டால் வங்கிக்கு முறையிடுங்கள் என்று இலங்கை மத்திய வங்கியே பொதுமக்களுக்கு அறிவித்தல் விடுத்திருக்கிறது. மத்திய வங்கி சொன்னதை நம்மூர் கவுண்டரில் சொன்னால் நம்மை வேற்றுக் கிரகத்து ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "போனில் எங்களுக்கு மிஞ்சுவதே கொஞ்சம், அதில் வங்கிக்கும் கொடுத்தால் என்ன மிச்சம்?" லாபம் குறைவு என்பதை மறுக்கவில்லை. கடை வாடகை, கரண்ட் பில், பையன்களின் சம்பளம், இவையும் செலவுதானே? "ஏசிக்கு 200 ரூபா, லைட்டுக்கு 50 ரூபா" என்று யாராவது தனியாகப் பில் போடுகிறார்களா? எல்லாவற்றையும் விலைக்குள் வைக்கத் தெரிந்தவருக்கு இதை மட்டும் வைக்கத் தெரியாமல் போவது ஏன்? விலைக்குள் வைத்தால் பேஸ்புக் விளம்பரத்தில் பக்கத்துக் கடையைவிடக் கூடத் தெரியும். ஆகவே விளம்பரத்தில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை. கொமிஷன் பிரச்சினை என்றால் வங்கியோடு பேச வேண்டியது வர்த்தக சங்கம். சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிற ஆசிரியர், ஏரிஎம்மில் நின்று தொண்ணூறாயிரத்தை எண்ணி பேக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டும் என்பது தீர்வே அல்ல.

சிலர் கெட்டிக்காரத்தனமாக, "கார்டுக்குக் கூட்டவில்லை, காசுக்குக் குறைக்கிறோம்" என்கிறார்கள். சரி. அப்படியானால் விளம்பரத்தில் போட்ட விலை கார்ட் விலையாக இருக்கட்டும், கையில் காசு கொண்டு வருகிறவருக்கு அதிலிருந்து கழித்துக் கொடுங்கள். அப்படிச் செய்கிற கடையை வாழ்த்துவோம்.

அடுத்தது '0% தவணை'. நம்மவர்கள் அதிகம் விழுகிற இடம் இது, காரணம் எல்லோருக்கும் தெரியும். வட்டி என்றால் ஒதுங்குகிறவர்கள் நாம். '0%' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மனம் ஆறிவிடுகிறது. கீழே பொடி எழுத்தில் 'ஹேண்ட்லிங் பீஸ்' என்று ஒன்று இருக்கும், அல்லது பொடி எழுத்திலும் இருக்காது, கார்டைத் தேய்க்கும்போது வாயால் சொல்லப்படும். ஒரு கணக்குப் பார்ப்போம். போன் 90,000. பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் 7,500. ஹேண்ட்லிங் 8 வீதம் என்று வைத்துக்கொள்வோம், 7,200 ரூபா. "வருஷத்துக்கு 8 வீதம்தானே" என்று தோன்றும். இல்லை. நாம் வருடம் முழுவதும் 90,000 கடன்பட்டு இருக்கவில்லை. மாதாமாதம் 7,500 குறைந்துகொண்டே போகிறது. பன்னிரண்டு மாதமும் நின்ற கடனைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 48,750 தான். 48,750க்கு 7,200 என்றால் கிட்டத்தட்ட 15 வீதம். ஓ.எல். பிள்ளையிடம் கொடுத்தால் அரைப் பக்கத்தில் செய்து தருவாள். பெயர் 'பூச்சியம்', கணக்கு பதினைந்து.

இது மார்க்க ரீதியாக என்ன வகை என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது 'ஜீரோ பேர்சன்ட்' என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஹேண்ட்லிங் எவ்வளவு, தவணை பிந்தினால் கார்டில் என்ன ஏறும், பணத்துக்கு வாங்கினால் என்ன விலை, தவணைக்கு என்ன விலை, எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. எழுத்தில் இல்லாத கட்டணத்தை வெட்கப்பட்டுக்கொண்டு கட்டிவிட்டு வருகிறோம். உண்மையிலேயே ஹேண்ட்லிங் இல்லாத தவணைகளும் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு கேள்வி: இதே போனைக் கையில் காசு கொடுத்தால் எவ்வளவு? இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் 'பூச்சியத்தின்' உண்மை விலை.

மூன்றாவது 'ஷொப் வொரண்டி'. ஒரே மொடல், ஒரே நிறம், 'கொம்பனி வொரண்டி' என்றால் ஒரு விலை, 'ஷொப் வொரண்டி' என்றால் பல ஆயிரம் குறைவு. ஏன் குறைவு என்று யாரும் விளக்குவதில்லை. பெட்டியை உடைக்க முன் கேட்க வேண்டியது, இது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பெட்டியில் 15 இலக்க ஐஎம்இஐ இலக்கம் இருக்கும், போனில் *#06# அழுத்தினாலும் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதில் வரும்வரை கடையில் நில்லுங்கள். 2025 ஜனவரி 28 முதல் பதிவில்லாத புதுச் சாதனங்களை உள்ளூர் வலையமைப்புகளில் இணைக்க முடியாது என்று ஆணைக்குழு அறிவித்திருந்தது. குறைந்த விலைக்கு எடுத்த போனில் சிக்னல் இல்லாமல் போனால் ஷொப் வொரண்டி என்ன செய்யும்? ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் கிறுக்கிய வொரண்டி அது.

இனி, அமெரிக்கக்காரனின் அப்கிரேட் பீஸுக்கு அப்படியே ஒத்தது ஒன்று நம்மிடம் உண்டு. "பழைய போனில் இருப்பதெல்லாம் புதுப் போனுக்கு மாற்றித் தருகிறோம், டேட்டா ட்ரான்ஸ்பர், செட்டிங் எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகை. சில கடையில் ஐந்நூறு, சில கடையில் ஆயிரத்துக்கு மேல். அன்ட்ரொய்ட் போனை முதன்முதலாக ஒன் பண்ணும்போதே, பழைய போனிலிருந்து கொண்டுவரவா என்று அதுவே கேட்கும். சம்சுங்குக்கு ஸ்மார்ட் சுவிட்ச் இருக்கிறது. ஐபோன் இரண்டைப் பக்கத்தில் வைத்தாலே போதும். வட்ஸ்அப் செட்டிங்கில் சட் ட்ரான்ஸ்பர் என்று இருக்கிறது, கியூஆரை ஸ்கேன் பண்ணினால் அன்ட்ரொய்டிலிருந்து அன்ட்ரொய்டுக்குப் பழைய சட் எல்லாம் வந்துவிடும். எல்லாம் இலவசம். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்தால் காலையில் தயார்.

காசைவிடப் பெரிய விடயம் இதில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் பழைய போனை, லொக் நம்பரையும் சொல்லி, முன்பின் தெரியாத ஒரு பையனின் கையில் இரண்டு மணித்தியாலம் கொடுத்துவிட்டுப் போகிறோம். கலியாண வீட்டுப் படம், பிள்ளையின் படம், வட்ஸ்அப் குரல் பதிவு, வங்கியின் எஸ்எம்எஸ் எல்லாம் அதற்குள். வாசலில் ஆளை நிறுத்தி யார் என்று கேட்கிற நாம் இங்கே மட்டும் கதவைத் திறந்து சாவியையும் கொடுக்கிறோம். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனைச் சோதனைக்குள் தள்ளுவது நாம்தான். ராத்தா, தங்கை, மகள் யாராக இருந்தாலும், போன் அவர்கள் கையை விட்டுப் போகாமல் வீட்டிலேயே மாற்றிக் கொடுங்கள். தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், ஆசிரியைகள் செய்து காட்டுவார்கள்.

'ப்ரீ' கவரும் 'ப்ரீ' கிளாஸும் பற்றி எழுதத் தேவையில்லை. அவை எவ்வளவு ப்ரீ என்று எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம ஊர் ஆள், நம்ம சகோதரர், அவரைப் போய்க் கேள்வி கேட்பதா" என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். நம்ம ஆள் என்பதால்தான் கேட்க வேண்டும். அளவை நிறுவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. தராசில் ஐந்து கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகிற நாம் கார்ட் இயந்திரத்தில் 2,700 கூடினால் 'பரவாயில்லை நானா' என்று சிரித்துவிட்டு வருகிறோம். அதற்காகக் கடையின் படத்தைப் போட்டுப் பேஸ்புக்கில் அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அது கூடவும் கூடாது. கேட்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் கவுண்டரில், கார்டை நீட்ட முன்: "விளம்பரத்தில் உள்ள விலைக்குக் கார்ட் எடுப்பீர்களா?" இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை. எடுத்துவிட்டுக் கூட்டினால், அந்த 3 வீதத்தைப் பில்லில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடத்தில் அந்த நிமிடமே கட்டணம் காணாமல் போகும், ஏனென்றால் எழுத்தில் கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். முறைப்பாட்டுக்கு 1977. கார்ட் விடயத்தை உங்கள் கார்டின் வங்கிக்கும், கார்ட் சிலிப்பில் பெயர் இருக்கும் வங்கிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பில்லும் சிலிப்பும் சேர்த்து வைத்திருந்தால் போதும், சண்டை தேவையில்லை.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் சிலர் இந்தப் பதிவை வாசிப்பார்கள். நம் கணக்கில் பிழை இருந்தால் கொமண்டில் எண்ணோடு எழுதுங்கள். வங்கி உங்களிடம் எத்தனை வீதம் எடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது. கார்டுக்கும் காசுக்கும் ஒரே விலை வைத்திருக்கும் கடைக்காரர்கள் உங்கள் கடை எந்த ஊரில் என்று தாராளமாகப் போடுங்கள். அடுத்த சம்பளத்துக்குப் போன் எடுக்கக் காத்திருக்கும் ஆசிரியர்கள் எங்கள் பள்ளியில் மட்டும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.