வெதுவெதுப்பான கடலுக்கு எந்த உடுப்பு?

கடலுக்கு அடியில் போய், மீன்களையும் பவளப் பாறைகளையும் கண்ணாரக் காணும் ஆசை நம் நாட்டில் வளர்ந்து வருகிறது. புதுச்சேரியிலும், லட்சத் தீவிலும், அந்தமானிலும் அதற்குப் பயிற்சி தருகிறார்கள். காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் இந்த முறைக்கு ‘ஸ்கூபா’ என்று பெயர்.

ஒரு தடவை போனவருக்கு மறு தடவையும் போகத் தோன்றுகிறது. பயிற்சியை முடித்ததும், சொந்தமாக உடுப்பு வாங்கலாமா என்ற யோசனை வருகிறது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் அந்த ரப்பர் உடுப்புக்கு ‘வெட்சூட்’ என்று பெயர்.

தடித்த உடுப்பே நல்ல உடுப்பு என்று எண்ணிக் கனமானதை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. விமானத்தில் அது சுமை. கடலில் அது தொல்லை. போகிற கடலுக்கு எவ்வளவு ரப்பர் வேண்டுமோ, அவ்வளவு போதும்.

நீர் வெதுவெதுப்பு; நடுக்கம் ஏன்?

அந்தமான் கடலின் மேல்மட்ட நீர் பெரும்பாலும் 26 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை சூடாக இருக்கும். கரையில் நின்று காலை நனைத்தால் இதமாக இருக்கிறது. இதற்கு உடுப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

மனித உடம்பின் சூடு 37 டிகிரி. நீர் 28 டிகிரி என்றால், உடம்பைவிட 9 டிகிரி குறைவு. மேலும், காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு விரல் விறைக்கும். பல் கிட்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் இந்த உடுப்பு இல்லாமல்தானே மூழ்கினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 1961-ல் அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது வரை, கல்லைக் கட்டி இறங்குவதே வழக்கம். ஆனால், அவர்கள் ஒரே மூச்சில் இறங்கி, மூச்சு முட்டுவதற்குள் மேலே வந்துவிடுவார்கள். ஸ்கூபாவில் மூழ்குகிறவர் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று நீருக்குள்ளேயே இருக்கிறார். ஒரே நாளில் மூன்று தடவையும் இறங்குகிறார்.

குளிர்ந்த உடம்பு காற்றை வேகமாகச் செலவழிக்கும். மேலே ஏறும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால், ரத்தத்தில் கரைந்த வாயு ஒழுங்காக வெளியேறாமல் நோய் உண்டாகும் அபாயமும் கூடும். ஆகவே, சூடான கடலிலும் உடுப்பு அவசியம்.

நனைந்தாலும் சூடு தரும்

இந்த உடுப்பை உருவாக்கியவர் ஹியூ பிராட்னர். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பௌதிக விஞ்ஞானி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அணுகுண்டு ஆராய்ச்சியிலும் வேலை செய்தவர்.

மூழ்குகிறவர் உடம்பில் நீர் படாமல் இருந்தால்தான் குளிராது என்று அதுவரை நினைத்தார்கள். பிராட்னர் வேறு விதமாக யோசித்தார். உடம்பு நனைந்தால் நனையட்டும். உடுப்புக்குள்ளேயே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருந்தால் சூடு வெளியே போகாது என்று 1951-ல் கண்டார். அதற்கு ஏற்ற பொருளும் கிடைத்தது. 1930-ல் டூபாண்ட் கம்பெனி கண்டுபிடித்த ‘நியோப்ரீன்’ என்ற செயற்கை ரப்பர்தான் அது.

நியோப்ரீன் பஞ்சுபோல இருக்கும். அதற்குள் எண்ணற்ற குமிழிகள். சூட்டைக் காப்பவை அவையே.

ஆழத்தில் மெலியும்

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு ஆகிறது. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அழுத்தம் கூடக் கூடக் குமிழிகள் சுருங்குகின்றன. கரையில் 5 மில்லிமீட்டர் இருந்த உடுப்பு ஆழத்தில் 5 மில்லிமீட்டராக இருப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. குமிழி இருப்பதால் உடுப்பு மிதக்கும். அந்த மிதப்பை அடக்க, இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்ட வேண்டும். கீழே போனதும் உடுப்பு சுருங்கி மிதப்பு குறைகிறது. ஈயம் மட்டும் குறைவதில்லை. ஆள் வேகமாகக் கீழே போக ஆரம்பிக்கிறார்.

உடுப்பு எவ்வளவு தடிப்போ, இந்த ஏற்ற இறக்கமும் அவ்வளவு அதிகம். புதிதாகக் கற்றவர் தடித்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, பவளப் பாறையில் மோதாமல் சமாளிப்பது கஷ்டம். பவளம் உயிருள்ள பிராணி. கால் பட்டால் உடையும். உடைந்தது வளரப் பல வருஷம் ஆகும்.

எந்தக் கடலுக்கு எது?

28 டிகிரிக்கு மேல் இருந்தால், குளிர் தாங்குகிறவருக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் போதும். 26 முதல் 28 டிகிரிக்கு 3 மில்லிமீட்டர். அந்தமான், மாலத் தீவு, இந்தோனேசியாவின் பெரும் பகுதிக்கு இதுவே பொருத்தம். செங்கடலின் வட பகுதியில் குளிர் காலத்தில் 22 டிகிரி அளவுக்கு நீர் குளிர்ந்துவிடும். அங்கே 5 மில்லிமீட்டர் வேண்டும்.

ஒல்லியானவர்களுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். தொடர்ந்து பல நாள் மூழ்குகிறவர்களுக்கும் அப்படியே. இவர்களுக்காகத் தடித்த உடுப்பைத் தேட வேண்டியதில்லை. 3 மில்லிமீட்டர் உடுப்புக்குள் தலைமூடி உள்ள கையில்லாச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். பெட்டியில் அதற்கு அதிக இடம் வேண்டாம். வேண்டாத நாளில் கழற்றிவிடலாம்.

அரைக்கை, அரைக்கால் உடுப்பும் கிடைக்கிறது. இலேசானது. ஆனால் ஜெல்லி மீன் என்னும் சொறிமீன் பட்டால் தோல் எரியும். பாறையும் சிராய்க்கும். முழு உடம்பையும் மூடும் மெல்லிய உடுப்பே மேல்.

15 கிலோ கணக்கு

அந்தமானுக்கு விமானத்தில் போகிறவரின் கணக்கைப் பாருங்கள். உள்நாட்டில் ஓடும் மலிவுக் கட்டண விமானங்களில், சரக்கறையில் போடும் சாமானுக்குப் பொதுவாக 15 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லை. மூச்சுக் கருவி, மிதவைச் சட்டை, துடுப்புக் காலணி மூன்றுமே 6, 7 கிலோவை எட்டிவிடும். பெரிய உடுப்பையும் சேர்த்தால் சட்டை, துணிமணிக்கு மிச்சம் என்ன? 3 மில்லிமீட்டர் முழு உடுப்பு சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். நனைந்தால் எடை கூடும்.

இங்கேதான் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பல நாள் மூழ்கியவர், கடைசியாக மூழ்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. ரத்தத்தில் உள்ள வாயு வெளியேற அந்த அவகாசம் வேண்டும். அந்த நேரத்திலேயே உடுப்பையும் உலர்த்திவிடலாம். நல்ல நீரில் அலசி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். மெல்லிய உடுப்பு மறுநாளைக்குள் காய்ந்துவிடும். தடித்தது ஈரத்தோடுதான் பெட்டிக்குள் போகும்.

அளவு சரியா?

தடிமனைவிட அளவு முக்கியம். கழுத்திலும், அக்குளிலும், முதுகின் பள்ளத்திலும் இடைவெளி இருந்தால் நீர் உள்ளே வந்து வந்து போகும். சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். தொளதொளவென்ற 5 மில்லிமீட்டரைவிட, கச்சிதமான 3 மில்லிமீட்டர் நன்றாகச் சூடு காக்கும்.

கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். கையை உயரத் தூக்க வேண்டும். குந்தி எழ வேண்டும். ஆழ மூச்சு இழுக்க வேண்டும். நெஞ்சை இறுக்கினால் வேண்டாம்.

தையலையும் கவனிக்க வேண்டும். இரு பக்கமும் ஊசி ஏறிய தட்டைத் தையல் மலிவு. கொஞ்சம் நீர் கசியும். சூடான கடலுக்கு அதனால் கெடுதல் இல்லை. பசை போட்டு ஒட்டி, ஊசி மறுபுறம் வராமல் தைத்தது குளிர் கடலுக்கு. அதற்கு வீணாகக் கூடுதல் விலை தர வேண்டாம்.

ஒரு நாள் சுற்றுலாவில் மூழ்கிப் பார்க்கிறவருக்குச் சொந்த உடுப்பே வேண்டாம். கூட்டிப் போகிறவர்களே தருவார்கள்.

ரப்பருக்குப் பின்னால்

உடுப்பின் கதை கடலோடு முடிவதில்லை. நியோப்ரீனைக் ‘குளோரோப்ரீன்’ என்ற ரசாயனத்திலிருந்து செய்கிறார்கள். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா 2010-ல் முடிவு செய்தது.

அமெரிக்காவில் நியோப்ரீன் செய்த ஒரே ஆலை, லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. டூபாண்ட் கம்பெனி நடத்தி வந்த அதை, 2015-ல் ஜப்பானின் டென்கா கம்பெனி வாங்கியது. ஆலையைச் சுற்றிக் குடும்பங்கள் வசிக்கின்றன. பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தங்கள் காற்று கெடுகிறது என்று அவர்கள் பல வருஷம் போராடினார்கள். கம்பெனி அதை மறுத்தது.

2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் வழக்குப் போட்டது. ஆட்சி மாறியதும், 2025 மார்ச்சில் அதே அரசாங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. மே மாதம், உற்பத்தியைக் காலவரையின்றி நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. செலவு ஏறியதும், தேவை குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

சில கடைகளில், சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்த ரப்பர் என்று சொல்லி விற்கிறார்கள். மூலப் பொருள்தான் வேறு. அதுவும் குளோரோப்ரீன் வழியாகவே வருகிறது. மரத்துப் பாலில் செய்த உடுப்புகள் உண்மையான மாற்று. 2016 முதல் அவை சந்தைக்கு வந்திருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வடிக்கும் ரப்பர் மரமும் அதே இனம்தான்.

3 மில்லிமீட்டர் போதும் என்ற இடத்தில் 5 மில்லிமீட்டர் வாங்காதிருப்பதும், வாங்கியதை நிழலில் உலர்த்திப் பல வருஷம் காப்பதும் சிக்கனம் மட்டுமல்ல. ரப்பர் எவ்வளவு குறைகிறதோ, ஆலைக்குப் பக்கத்தில் வசிக்கிறவர் மூச்சில் நஞ்சும் அவ்வளவு குறையும்.