வடகத்துக்குக் கூலி உண்டா?

கத்திரி வெயில் முடிகிற மே கடைசி. திருப்பூரில் பல வீட்டு மொட்டை மாடிகளில் கூழ் வடகம் காயும். கீழே அம்மாவும் லீவில் இருக்கும் பிள்ளைகளும் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து, பின்னி, கால்மிதி செய்வார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதே, நோட்டு, பை என்று செலவு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் விற்றால் நாலு காசு வரும்.

ஆனால் விலை போடுவது எப்படி? அரிசி, மிளகாய், சீரகம், கேஸ்... அதோடு சரி. விடியுமுன் எழுந்து கூழ் கிண்டிய கைக்கு? "வீட்டுல சும்மாதானுங்க இருக்கோம்" என்று முடித்துவிடுவார்கள். இதே ஊரில் பனியன் கம்பெனித் தையலுக்குப் பீஸ் ரேட் உண்டு. பிசிர் வெட்டுவதற்குக்கூட உண்டு!

சும்மாவா இருக்கிறார்கள்? 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கே ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம்தான். வடகமும் கால்மிதியும் அதற்கு மேல்.

கூலி சேர்த்தால் விலை ஏறும், யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். விலையை ஏற்ற வேண்டாம், நோட்டில் 'கூலி' என்று ஒரு வரி மட்டும் எழுதிப் பார்க்கட்டும். லாபம் என்று நினைத்தது அம்மாவின் சம்பளம், அதுவும் பாதிச் சம்பளம் என்று தெரியும். பேரம் பேசுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாமே!