ஆறு மாதத்திற்கு ஒரு பொய்

நாட்டுத் தலைவனுடைய நோய் அவனது சொந்த விவகாரம் என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். அவர்களுட் சிலர் தம்மை முற்போக்காளர் என்றும் சொல்லிக்கொள்வர். அத்தலைவன் தமது அணியைச் சேர்ந்தவனாக இருந்துவிட்டால் இவ்வாதம் இன்னும் உரத்து ஒலிக்கும். 1981 முதல் 1995 வரை பதினான்கு ஆண்டுகள் பிரான்சின் சனாதிபதியாக இருந்த சோஷலிசத் தலைவர் பிரான்சுவா மித்தரானின் கதையை வைத்து இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்போம்.

அவருக்கு முன் நடந்த ஒன்றை முதலில் நினைவுகொள்ள வேண்டும். சனாதிபதி ஜோர்ஜ் பொம்பிடு 1974 ஏப்ரில் 2ஆம் திகதி பதவியிலிருக்கும்போதே இறந்தார். கொடிய இரத்த நோயொன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. முகம் வீங்கியதை நாடே கண்டது. மாளிகையோ சளிக்காய்ச்சல் என்றது. இந்த அனுபவம் மறையாதிருந்த காலத்திலே ஆட்சிக்கு வந்த மித்தரான், தமது உடல்நிலை பற்றி ஆறு மாதத்திற்கொருமுறை வைத்திய அறிக்கை வெளியிடப்படும் என மக்களுக்கு வாக்களித்தார். அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

1981 மே மாதம் பதவியேற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே அவருக்குப் புரொஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் இருப்பதும், அது எலும்புகளுக்குப் பரவிவிட்டதும் தெரியவந்தன. சிகிச்சை எதிர்பாராத பயனைத் தந்தது. அவர் நெடுநாள் வாழ்ந்தார். அதைப் பற்றி எமக்கு மகிழ்ச்சியே. ஆயின் அறிக்கைகள் நின்றுபோகவில்லை! அவரது சொந்த வைத்தியர் குளோட் குப்ளேரின் கையொப்பத்துடன் அவை தொடர்ந்து வெளிவந்தன. அவற்றிலே புற்றுநோய் என்ற சொல் மட்டும் இடம்பெறவில்லை. நோயாளி மௌனம் சாதிப்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம். சுகதேகி என்ற சான்றிதழை ஆண்டுக்கு இருமுறை மக்கள் கையிற் கொடுப்பது மௌனமாகுமா?

ஒருநாட் காய்ச்சலுக்கு வைத்தியச் சான்றிதழ் எங்கே என்று தொழிலாளியிடம் கேட்கும் உலகம் இது. (ஆசிரியர்களாகிய நாமும் அச்சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்களே.) அவனது நோய் மேற்பார்வையாளன் முதல் கணக்குப்பிள்ளை வரை அனைவருக்கும் தெரியலாம், அணுகுண்டின் விசையைக் கையில் வைத்திருப்பவனுடைய நோய் மட்டும் அந்தரங்கமாம்!

நண்பர்கள் வேறொரு நியாயமும் கூறுவர். 1981இல் உண்மை வெளிவந்திருந்தால் வலதுசாரிகள் மீண்டும் வந்திருப்பார்கள். ஊதியத்துடன் ஐந்தாவது வார விடுமுறையும், வங்கிகள் தேசியமயமானதும் கைகூடாமற் போயிருக்கும் என்பர். இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் ஒரு மனிதனின் எலும்பிலுள்ள நோய் வெளிப்பட்டவுடன் சரிந்துவிடக்கூடிய வேலைத்திட்டம், மக்கள் இயக்கத்தின்மீது நின்றதா, தனிமனிதன்மீது நின்றதா? மேலும், 1983இல் அதே அரசாங்கம் சிக்கனக் கொள்கைக்குத் திரும்பியபோது, தலைவர் மாளிகையில்தான் இருந்தார். கொள்கையைக் காப்பதற்காகக் காக்கப்பட்ட இரகசியம், கொள்கை போன பின்னரும் காக்கப்பட்டது.

1988 மே 8ஆம் திகதி பிரான்சிய மக்கள் அவரை மேலும் ஏழாண்டுகளுக்குத் தெரிவுசெய்தனர். ஏழு ஆண்டுகள்! ஆலைத் தொழிலாளியும் கமக்காரனும் அன்று எதை நம்பி வாக்களித்தனர்? நோயை அறிந்த பின்னும் அவர்கள் அவரையே தெரிந்திருக்கலாம். அவ்வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்ததே குற்றம். 1992 செப்டெம்பர் 11ஆம் திகதி அறுவைச் சிகிச்சை நடந்த பின்னரே நாட்டுக்குப் புற்றுநோய் என்ற செய்தி எட்டியது. அதுவும் ஏதோ அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது போல. அதே மாதம் 20ஆம் திகதி மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் குறித்த சர்வசன வாக்கெடுப்பும் நடைபெற்றது.

சனாதிபதி கடமையாற்ற இயலாதவராயின் அதனைத் தீர்மானிக்க அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரையில் வழியுண்டு. அரசாங்கம் கேட்டால் அரசியலமைப்புச் சபை முடிவுசெய்யும். கேட்க வேண்டிய அமைச்சர்களை நியமிப்பவர் யார்? அந்த நோயாளிதான். முடியாட்சியை ஒழித்த நாட்டில் அரண்மனை வைத்தியன் மட்டும் எஞ்சிவிட்டான்.

அந்த வைத்தியரே பின்னர் வாய் திறந்தார். மித்தரான் 1996 சனவரி 8ஆம் திகதி மறைந்தார். ஒன்பது நாட்களின் பின் குப்ளேரின் நூல் வெளிவந்தது. 1994 இறுதியிலிருந்து சனாதிபதி தமது கடமையைச் செய்யும் நிலையில் இருக்கவில்லை என்றும் அதில் எழுதினார். மறுநாளே நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது. அதற்கிடையில் ஏறத்தாழ 40,000 பிரதிகள் விற்றுவிட்டன. நோயாளியின் இரகசியத்தை வெளியிட்ட குற்றத்திற்காகக் குப்ளேருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. அவரை வீரராக்க நாம் முயலவில்லை. பதினோர் ஆண்டுகள் பொய்யிற் கையொப்பமிட்டவர் அவர். எனினும் குற்றவியல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது அக்கையொப்பங்களுக்காக அன்று, உண்மையை எழுதியமைக்காகவே.

நூலை நிரந்தரமாகத் தடுத்துவைத்தது கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2004 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்குள் மித்தரான் இறந்து எட்டாண்டுகள் கடந்துவிட்டன. 1988இல் வாக்களித்தவர்களுட் பலரும் அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடிருக்கவில்லை.