பெரிய நாய் வாங்குமுன் படிக்கட்டை எண்ணுங்கள்!

கிரேட் டேன் நாய்க்குட்டி ஒன்று. பிறந்து 45 நாள். தொங்கிய காது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம், மழலைக் குரைப்பு. கையில் எடுத்தால் கீழே விட மனசு வராது.

"என்னா சார், ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது. இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறீங்களே!" என்பார் விற்கிறவர்.

அந்த மூலைதான் விவகாரமே!

பிறக்கும்போது அந்தக் குட்டியின் எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒன்றரை வயதில் 50 கிலோவைத் தாண்டிவிடும். ஏறக்குறைய 100 மடங்கு! அரிசி மண்டியில் 25 கிலோ சிப்பம் பார்த்திருப்பீர்கள். 2 சிப்பத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு 4 கால் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் கிரேட் டேன். நல்ல ஆண் நாய் 60, 70 கிலோ கூட இருக்கும்.

உயரம்? ஆண் நாய்க்குத் தோள்பட்டையே குறைந்தது 30 அங்குலம். வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேஜையின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். தலை அதற்கும் மேலே. மேஜை மேல் மூடி வைத்த இட்லி, அதற்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி!

ஆசைப்படுவது தப்பு இல்லை. பெரிய நாய்களில் பல, குணத்தில் பசு மாதிரி. ஆனால், நகரத்தில் இந்த ஆசை முடிகிற விதம்தான் பரிதாபம். குட்டிக்குக் கூடத்தில் இடம். வளர்ந்த நாய்க்குப் பால்கனியில் இடம். வயதான நாய்க்குத் தெரு!

ஏன் இப்படி? குட்டியைப் பார்த்து வீட்டைத் தயார் செய்கிறார்கள். ஒரு கிண்ணம், ஒரு சங்கிலி, ஒரு பழைய போர்வை. வேலை முடிந்தது என்று நினைப்பு. அது தப்புக் கணக்கு. அந்த நாய் 7, 8 வயதில் பின்னங்கால் தள்ளாடி, எழுந்திருக்க முடியாமல் படுக்கும் ஒரு நாள் வரும். அந்த நாளை நினைத்துத்தான் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். அன்றைக்குத் தாங்குகிற வீடு, முதல் நாளும் தாங்கும்.

36 படி

லிப்ட் இல்லாத 2-வது மாடி வீடு என்று வையுங்கள். மாடிக்கு 18 படி. ஆக 36 படி. நாயைத் தினமும் 3 தடவை வெளியே கூட்டிப் போக வேண்டும். ஏறி இறங்க 216 படி ஆகிறது. சின்ன நாய் என்றால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். இதை இடுக்க முடியுமா?

பெரிய இன நாய்களுக்கு எலும்பு முற்றி முடிய 18 முதல் 24 மாதம் ஆகும். அதுவரை மூட்டு இளசு. நார்வே நாட்டில் பெரிய இனக் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. பிறந்த 3 மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் ஆபத்து கூடுதல் என்று அது சொன்னது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு, அதிலும் முக்கியமாக கிரேட் டேனுக்கு, வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் வியாதி வருவது உண்டு. வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பை முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுவிடும். நாய் குமட்டும், ஒன்றும் வெளியே வராது. எச்சில் ஒழுகும். நிலைகொள்ளாமல் நடக்கும். வயிறு மத்தளம் மாதிரி விம்மும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போய்விடும்.

இது ராத்திரி 11 மணிக்கு வந்தால் என்ன செய்வது? 60 கிலோ நாய் படுத்துவிட்டது. 36 படி. ஆட்டோவில் கூப்பிட்டால், "வேற வண்டி பாரு சார்" என்று போய்விடுவார்கள்.

ஆகவே, நாய் வருமுன்பே 4 ஏற்பாடு வேண்டும். ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, போன் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டவும். குட்டி யானை வண்டி வைத்திருப்பவர் ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளவும். கனமான ஜமக்காளம் ஒன்றைத் தனியே எடுத்து வைக்கவும். அவசரத்துக்கு அதுதான் ஸ்டிரெச்சர். நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டுமே, அந்த நாலு பேர் யார் என்று இன்றைக்கே முடிவு செய்யவும். வீட்டில் இருப்பது 3 பேர் என்றால், 4-வது ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா?

சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது. நாய்க்குக் குனிய சிரமம் என்று ஸ்டூல் மேல் கிண்ணம் வைப்பார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, அப்படிச் சாப்பிட்ட நாய்களுக்கு இந்த வியாதி கூடுதலாக வந்ததைக் கண்டது. ஸ்டூல் வைக்குமுன் டாக்டரைக் கேட்பது நல்லது.

கண்ணாடித் தரை

இப்போது எந்த வீட்டைப் பார்த்தாலும் பளபள டைல்ஸ். முகம் பார்க்கலாம். நாய்க்கு அது ஐஸ் கட்டி. நாலு காலும் நாலு பக்கம் போகும். வளரும் குட்டிக்கு மூட்டு கெடும். கிழ நாய் விழுந்தால் எழுந்திருக்காது.

டைல்ஸை உடைக்க வேண்டாம். நாய் நடக்கிற வழி, தண்ணீர் குடிக்கிற இடம், வாசற்படி இவற்றில் ரப்பர் விரிப்போ, தேங்காய் நார் விரிப்போ போட்டால் போதும். படுக்கத் தடித்த மெத்தை கட்டாயம். வெறும் தரையில் படுத்தால் அத்தனை எடையும் முழங்கையில் இறங்கும். தோல் காய்த்து, புண்ணாகி, சீழ் வைக்கும்.

வாலையும் மறக்கக் கூடாது. கிரேட் டேன் சந்தோஷத்தில் வாலை ஆட்டினால் அது சாட்டை. டீப்பாய் மேல் உள்ள டம்ளர் பறக்கும். குறுகலான நடையில் சுவரில் அடிபட்டு வால் நுனி பிய்ந்து ரத்தம் தெறிக்கும். அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. நாய் நின்ற இடத்தில் நேராகத் திரும்ப வழி இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும். இல்லை என்றால் பீரோவை நகர்த்த வேண்டும். நகர்த்த இடம் இல்லை என்றால் ஆசையை நகர்த்த வேண்டும்.

ஆல்ப்ஸ் எங்கே, அம்பத்தூர் எங்கே!

சினிமாவில் பார்த்துவிட்டு செயின்ட் பெர்னார்டு கேட்கிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைக் கணவாயில், 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில், துறவிகள் மடத்தில் வளர்ந்த நாய் அது. பனியில் சிக்கியவர்களைத் தேடிப் போன நாய். அதன் ரோமம் அந்தக் குளிருக்காக ஏற்பட்டது.

அதைக் கொண்டுவந்து 40 டிகிரி வெயிலில் நிறுத்தினால்? நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்கள் பட்டியலில் செயின்ட் பெர்னார்டும் இடம் பெற்றது. காரணம் இந்த வெயில்தான்.

கிரேட் டேனுக்கு ரோமம் குட்டை. அதற்காக வெயில் தாங்கும் என்று நினைத்து மொட்டை மாடியில் கட்டக் கூடாது. மின்விசிறி, நிழல், வாளி நிறையத் தண்ணீர் எப்போதும் வேண்டும். கோடையில் காலை 6 மணிக்குள் நடை முடிய வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

டானிக் வேண்டாம்

"பெரிய நாயாச்சே, எலும்பு வளர கால்சியம் டானிக் ஊத்துங்க" என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய. இது பெரிய தீமை. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் அதிகமானால் எலும்பு கோணலாக வளரும். குட்டிக்கு அதைக் கழித்துவிடும் சக்தி குறைவு. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே அளவான உணவு கிடைக்கிறது. குட்டியைக் கொழுக்க வைக்காமல் மெலிவாகவே வளர்க்க வேண்டும். டானிக் தேவையா, இல்லையா என்று சொல்ல வேண்டியது டாக்டர். கடைக்காரர் அல்ல.

செலவும் எடைக் கணக்குதான். 10 கிலோவுக்கு ஒரு பூச்சி மாத்திரை என்றால் 60 கிலோவுக்கு 6 மாத்திரை. மயக்க மருந்தும் அப்படியே, மற்ற மருந்தும் அப்படியே. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் முதலில் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

11 மாதமும் 8 வருஷமும்

வாடகை வீட்டு ஒப்பந்தம் 11 மாதம். பெரிய நாயின் ஆயுள் சுமார் 8 வருஷம். அதற்குள் 8, 9 ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் சரி சொல்வாரா? "குட்டின்னு சொன்னீங்க, கன்னுக்குட்டியை இல்ல கட்டி வச்சிருக்கீங்க!" என்பார்.

அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் தெளிவாகச் சொன்னது. நல்லதுதான். ஆனால், அண்டை வீட்டாருக்கும் பயம் என்று ஒன்று உண்டு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதை நகரம் மறக்கவில்லை. கிரேட் டேன் வேறு ஜாதி, வேறு குணம் என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். லிப்ட் கதவு திறந்ததும் மூஞ்சிக்கு நேரே அந்தத் தலையைப் பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமா?

அதனால் மாநகராட்சி லைசென்ஸ், வெறிநாய்த் தடுப்பூசி, 2025-ல் கட்டாயமான மைக்ரோசிப் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், குட்டி 10 கிலோவாக இருக்கும்போதே சொன்ன பேச்சு கேட்கப் பழக்குவது. 60 கிலோ ஆன பிறகு இழுத்துப் பிடிக்க பாட்டியால் முடியுமா? வீட்டில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் சொல்லுக்கு நாய் நிற்க வேண்டும். அதுதான் அளவுகோல்.

மாடி வேண்டாம், தரைத்தளம் போதும் என்றால் அதுவே நல்ல யோசனை. ஆனால், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தண்ணீர் ஏறினால் நாயை எங்கே ஏற்றுவது என்று மேல் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கவும்.

தெருவில் விட்டால்?

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதிய அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நாயை, ஒரு சாப்பாட்டுக் காசில் தொலைத்துவிடலாம் என்றால் சட்டம் யாரைத் தடுக்கும்? மனசாட்சிதான் தடுக்க வேண்டும்.

தெருவில் விட்ட பெரிய நாய்க்குப் பிழைக்கத் தெரியாது. தெரு நாய்களோடு சண்டை போடத் தெரியாது. குப்பையில் தேடித் தின்னத் தெரியாது. எந்த வாசலில் விட்டார்களோ, அந்தத் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே, ஆசை வந்தால் ஒன்று செய்யுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுமுன், 2 சிப்பம் அரிசியை ஜமக்காளத்தில் போட்டு, வீட்டில் உள்ளவர்கள் நாலு மூலையைப் பிடித்து, ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை கீழே இறக்கிப் பாருங்கள்.

இறக்க முடிந்ததா? போய் நாயை வாங்குங்கள். பாதிப் படியில் மூச்சு வாங்கியதா? அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். நாயை விட்டுவிடுங்கள்!