வாசற்படி தாண்டாத பெண்

"எங்க வீட்டுப் பொண்ணு படி தாண்டமாட்டாள்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவள் தாண்டாமல் இருப்பது அடக்கத்தாலா, பயத்தாலா என்று யாராவது கேட்டதுண்டா?

என்னை இப்படி யோசிக்க வைத்தது ஒரு சிரிப்பு நாடகம்! ஜிம் கார்ட்ரைட் எழுதிய 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் லிட்டில் வாய்ஸ்'. 1992-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறியது. கதை நடப்பது வட இங்கிலாந்தில். அப்பாவை இழந்த ஒரு பெண், அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளே கதியென்று மாடி அறையில் அடைந்து கிடக்கிறாள். சிரிப்பெல்லாம் அவளுடைய வாயாடி அம்மாவால்தான். பெண்ணோ, இசைத்தட்டில் பாடுகிற பாடகிகளைப் போலவே அச்சாகப் பாடுவாள். அம்மாவின் சிநேகிதன் அதைக் கேட்டுவிட்டு, காசு பண்ணலாமென்று அவளைக் கிளப் மேடையில் கொண்டு நிறுத்துகிறான். கைதட்டல் வருகிறது, அவளோ உடைந்துபோகிறாள். டெலிபோன் வேலைக்கு வந்த ஒரு கூச்சக்காரப் பையன் மட்டும் அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான். கடைசியில் அவள் தன் சொந்தக் குரலில் பாடுகிறாள்.

அவளுக்கு இருப்பது வியாதிதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே போக நடுங்குகிற வியாதி ஒன்று உண்டு. 'அகோராஃபோபியா' என்று 1871-ல் அதற்குப் பெயர் வைத்தவர் பெர்லின் டாக்டர் கார்ல் வெஸ்ட்ஃபால். 'அகோரா' என்றால் கிரேக்க மொழியில் சந்தைவெளி. பஸ், கடைத்தெரு, கூட்டம் என்றாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், 'இங்கேயே விழுந்துவிட்டால் யார் தூக்குவார்கள்?' என்று கை கால் உதறும். வீட்டுக்குத் திரும்பியதும் 'அப்பாடா!' என்றிருக்கும். அந்த அப்பாடாதான் வினை! தப்பித்து வருகிற ஒவ்வொரு தடவையும் பயம் இன்னும் கொஞ்சம் வளர்கிறது. ஆண்களைவிடப் பெண்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேருக்கு இது வருகிறது.

"எல்லாரும் போகலையா?" என்று அதட்டி இழுத்துப் போனால், கிளப் மேடையில் கொண்டு நிறுத்திய கதையாகத்தான் முடியும். முதலில் டாக்டரிடம் காட்டி, இதயத்திலோ தைராய்டிலோ கோளாறு இல்லையென்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மனநல மருத்துவரின் யோசனைப்படி படிப்படியாகப் பழக்கலாம். இந்த வாரம் வாசல்வரை. அடுத்த வாரம் தெருமுனை. அப்புறம் ஒரே ஒரு பஸ் ஸ்டாப். படபடப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். துணைக்குப் போகிறவர் நாளடைவில் பத்தடி பின்தங்கி, ஒருநாள் வீட்டிலேயே நின்றுவிட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிற பெண்ணின் இந்த வியாதி சீக்கிரம் யார் கண்ணிலும் படுவதில்லை. சமையல் நடக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. வேறென்ன வேண்டும் என்றிருந்துவிடுகிறோம். கல்யாணம், கோயில் என்றால் ஒவ்வொரு தடவையும் "தலைவலி" என்று சொல்லிவிடுகிற நாத்தனாரோ ஓரகத்தியோ உங்கள் வீட்டில் உண்டா? "ராங்கிக்காரி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "வெளியே போனா உனக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள்.