வீடியோக்கார அண்ணே, கொஞ்சம் நகருங்க!

போன ஆவணியில பெரும்பாக்கத்துல ஒரு கல்யாணம். எங்க பெரியம்மாவோட பேத்திக்கு. பெரியம்மாவுக்கு 78 வயசு, முட்டி வலி. திண்டிவனத்துல பஸ் ஏறி, கிளாம்பாக்கத்துல இறங்கி, ஆட்டோ பிடிச்சு மேடவாக்கம் வழியா முதல் நாளே வந்துட்டாங்க. மேடை ஏற முடியாதுன்னு முதல் வரிசையில ஒரு மணி நேரம் முன்னாடியே இடம் பிடிச்சு உக்காந்தாச்சு. கெட்டிமேளம் கொட்டினப்போ பெரியம்மா பாத்தது என்ன தெரியுமா? மூணு முதுகு. ரெண்டு வீடியோ, ஒரு போட்டோ. பக்கத்துல லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன்.

"பக்கத்துல எல்இடி ஸ்க்ரீன் இருக்கே, அதுல பாருங்க பெரியம்மா"ன்னு நான்தான் சொன்னேன். "அதுல பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"னு கேட்டாங்க. இருபதடி தூரத்துல நடக்கற தாலி கட்டை ஸ்க்ரீன்ல பாருங்கன்னு சொன்ன என் வாயை என்ன பண்றது!

மக்களே, நானும் பொழுதுபோக்குக்கு கேமரா தூக்கறவன்தான். அதனால தைரியமா சொல்றேன். அந்த முதுகுகளுக்கு அங்க வேலையே இல்ல. கேமரா கிட்ட இருக்கணும், சரி. கேமராமேன் எதுக்கு கிட்ட இருக்கணும்? இந்தக் கேள்விக்கு எப்பவோ பதில் வந்தாச்சு. ஒரு காலத்துல நம்ம ஊர் கல்யாணமெல்லாம் எடுத்துத் தள்ளின சோனி பிடி 170 கேமரா பெட்டிக்குள்ளயே ஒரு குட்டி ரிமோட் இருக்கும். அது எத்தனை ஸ்டுடியோவுல பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலே கிடந்துச்சோ!

அந்த ரிமோட் ஒண்ணும் அமிர்தம் இல்ல, ஒத்துக்கறேன். டிவி ரிமோட் மாதிரிதான், நேருக்கு நேர் காட்டணும், நடுவுல யாராவது வந்தா போச்சு. ஆனா சோனி, கேனான் கேமராக்கள்ல 'லேங்க்'னு ஒரு வசதி உண்டு. 2.5 மில்லிமீட்டர் பின் சொருகற ஒயர். ஜூம், ஃபோகஸ், ரெக்கார்டிங் எல்லாம் அது வழியாவே பண்ணலாம். ஒயரை நீட்டிக்கிட்டா மேடைக்குக் கீழ உக்காந்தே இயக்கலாம். இப்ப செல்போன் ஆப்லயும் பண்ணலாம்னு சொல்றாங்க. ஐநூறு போன் இருக்கற மண்டபத்துல வைஃபையை நம்பி தாலி கட்டை எடுக்க எனக்கு தைரியம் இல்ல. ஒயர்தான் தெய்வம்.

இங்க என் மானம் போன கதையையும் சொல்லிடறேன். அக்கா பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழா. ரிமோட்ல ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். ஓடுதா இல்லையான்னு சந்தேகம், இன்னொரு தடவை அமுக்கினேன். ஆரம்பிக்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான்! அவ ஆடின பரதநாட்டியம் பூராவும் போச்சு. அவ மேடையை விட்டு இறங்கினப்புறம் நான் ரெக்கார்டிங்கை 'நிறுத்தறேன்'னு மறுபடி அமுக்க, நாற்காலி அடுக்கற அண்ணனுங்க மட்டும் தெளிவா பதிவாகியிருந்தாங்க :-) அதுலேருந்து ரெக்கார்டிங்கை கேமராவுலயே ஆரம்பிச்சு, சிவப்பு விளக்கைக் கண்ணால பாத்துட்டுதான் நகர்றது. ரிமோட் ஜூமுக்கு மட்டும்.

"ஆளில்லாம நல்ல படம் வராது சார்"னு ஒரு வீடியோக்காரர் என்கிட்ட வாதாடினார். பிரிட்டன் காமன்ஸ் சபை 1989 நவம்பர்ல முதல் தடவையா டிவியில வந்தப்பவே ரிமோட் கேமராதான். உறுப்பினர்களுக்கு நடுவுல ஆளுங்க கேமராவோட அலையல. அமெரிக்க பிரதிநிதிகள் சபையில 1979லேருந்தே அப்படித்தான். ஒரு நாட்டோட சட்டத்தையே தள்ளி நின்னு எடுக்க முடியுது, தாலி கட்டை முடியாதாமா? இப்ப பிடிஇசட் கேமராவே வந்தாச்சு. தானே திரும்பும், நிமிரும், இருபது மடங்கு ஜூம் பண்ணும். மூலையில ஒருத்தர் ஜாய்ஸ்டிக்கோட உக்காந்தா மூணு கேமராவையும் பாத்துக்கலாம். காசு அதிகமா? 4கே கேமரா ஒண்ணை மணவறை ஓரத்துல கொஞ்சம் அகலமா ஃப்ரேம் வெச்சு விட்டுடுங்க. ஃபுல் எச்டியை விட நாலு மடங்கு புள்ளிகள் இருக்கு, வேணுங்கற இடத்தை எடிட்டிங்ல வெட்டி எடுத்துக்கலாம்.

ரிமோட்னு சொன்னதும் ட்ரோனோட வர்றவங்க தனி ரகம். மண்டபத்துக்குள்ள குத்துவிளக்குக்கு மேல விர்ருனு பறக்க விடறதுக்கு, முதுகே தேவல. வெளியில விடறதா இருந்தா ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் மீனம்பாக்கம். 2021 ட்ரோன் விதிகள்படி வரைபடத்துல எந்த மண்டலம்னு பாத்துட்டு விடுங்க சாமி. நான் கேக்கறது மெஷினைப் பறக்க விடச் சொல்லி இல்ல, ஆளை நகரச் சொல்லி.

சின்னப் பேத்திக்கு வர்ற தையில கல்யாணம். மேடையில ஆள் நிக்கக் கூடாது, ஸ்டாண்டும் ரிமோட்டும்தான்னு வீடியோக்காரர்கிட்ட இப்பவே பேசிட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "பண்ணலாம் சார், ஆனா ரிமோட்டுக்கு தனி சார்ஜ் ஆகும்"ங்கறார்!